தோட்டத்துப் பறவைப் படம் சரியாக வரவில்லையா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியதும், புதுச்சேரி, கடலூர் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் பறவைப் படம் எடுக்க நல்ல காலம் தொடங்கிவிடும். வெயில் சுடாது, வடக்கிலிருந்து வலசை வந்தவையும் கண்ணில் படும். மாசி வரைக்கும் இந்த வாய்ப்பு உண்டு. தட்டில் தினை போட்டுவிட்டுக் கேமராவோடு உட்கார்ந்தவர்களுக்குப் படம்தான் பெரும்பாலும் ஏமாற்றம் தரும்.

கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் படத்தில் தெரிகிற கோளாறு எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கோளாறுகளில் பாதிக்குமேல் கேமரா மெனுவில் தீராது. தட்டு தொங்கும் இடத்தை மாற்றினால் தீரும். புது லென்ஸ் விலை பார்க்கும் முன் தட்டை நான்கடி நகர்த்திப் பாருங்கள்.

பறவையே வரவில்லை

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுச் சூரியகாந்தி விதையும் கொழுப்புக் கட்டியும் வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பனி மூடும் ஊரில் குளிர்காலத்துப் பறவைக்கு வேறு உணவு கிடைப்பது அரிது, அதனால் தட்டைத் தேடி வரும். நம் ஊரில் மழை முடிந்த கையோடு புழு, பூச்சி, பழம், புல்விதை எல்லாம் நிறைந்து கிடக்கும்போது உங்கள் தட்டுக்கு அது ஏன் வர வேண்டும்? அப்புறம், கொழுப்புக் கட்டி நம் மதிய வெயிலுக்கு உருகி வழிந்துவிடும்.

இங்கே எடுபடுபவை மூன்று. ஒன்று, பழுத்த பப்பாளி, கொய்யா, வாழைப்பழம். பாதியாக வெட்டி ஆணியில் செருகி வைத்தால் கொண்டைக்குருவி, மைனா, குயில் வரும், சில சமயம் குக்குறுவானும் எட்டிப் பார்க்கும். இரண்டு, தினை, கம்பு, நொய். இதற்குச் சிட்டுக்குருவியும் புள்ளிச் சில்லையும் வரும். தை அறுவடைச் சமயத்தில் பாகூர்ப் பக்கம் போனால் ஒரு பிடி நெற்கதிர் கேட்டு வாங்கிவந்து குஞ்சமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் தட்டை விட அதில் உட்கார்ந்த குருவி படத்தில் எவ்வளவோ அழகு. மூன்றாவதுதான் முக்கியம்: தண்ணீர். வலசை வருபவற்றில் பல பூச்சி தின்பவை. ஆறுமணிக்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், கொடிக்கால் வாலாட்டி எல்லாம் தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தரையோடு வைத்த அகலமான மண்சட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர் இருந்தால் குளிக்கவாவது வரும்.

தண்ணீரைத் தினமும் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு டெங்கு கொசுவுக்காகத் தேங்கிய தண்ணீரைச் சோதிக்க வீடு வீடாக ஆள் வருவார்கள். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், தினம் மாற்றும் தண்ணீரில் அந்தப் பயம் இல்லை.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். செம்பருத்தி, இட்லிப்பூ, முருங்கைப்பூ, வாழைப்பூ, இவற்றில் ஒன்று இருந்தால் போதும், தானாக வரும். உப்பு போட்ட சோறு, மிக்சர், முறுக்குத் தூள் எதையும் வைக்காதீர்கள்.

எல்லாம் வைத்தும் வரவில்லை என்றால் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 2011 டிசம்பரில் அடித்த தானே புயலில் மரங்களை இழந்து, இன்றும் வெட்டவெளியாகக் கிடக்கும் தோட்டங்கள் கடலூரில் உண்டு. அங்கே நட்டநடுவில் தட்டை வைத்தால் வல்லூறுக்கு பயந்தே எதுவும் இறங்காது. ஒரு புதரோ நாலைந்து பெரிய தொட்டிச்செடியோ தட்டிலிருந்து மூன்று மீட்டரில் இருக்கட்டும். அதைவிடக் கிட்டே வேண்டாம், பூனை பதுங்கும்.

காகமும் அணிலும்தான் வருகின்றன

காகத்தை விரட்டிப் பயனில்லை. அதற்கு வேறு இடம் காட்டுங்கள். காலையில் முதல் பிடி சோற்றை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டால் கீழே இருக்கும் தட்டின் மேல் அதற்கு அக்கறை குறையும். அமாவாசையன்றும் கணுப்பிடி வைக்கும் நாளிலும் தெருவே காகத்தைக் கூப்பிடும். அன்றைக்குக் காகத்தையே படம் எடுங்கள். கழுத்துச் சாம்பல் நிறம் காலை வெயிலில் அவ்வளவு நன்றாக இருக்கும், யாரும் எடுப்பதில்லை. அணிலுக்குத் தட்டு தொங்கும் கம்பியில் ஒரு பழைய பிளாஸ்டிக் புனலைக் கவிழ்த்து மாட்டினால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

கேமராவைத் தூக்கினதும் பறந்துவிடுகிறது

பறவைக்கு உங்கள் அசைவும் முகமும்தான் பிரச்சினை. கேமராவை அது பொருட்படுத்தாது. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து எடுங்கள். அறை விளக்கை அணைத்து, அடர்நிறப் பழைய புடவையை ஜன்னலில் தொங்கவிட்டு, லென்ஸ் நுழையும் அளவு மட்டும் இடைவெளி விடுங்கள். பறவை பழகும் வரை அந்த இடைவெளியில் கறுப்புச் சாயம் பூசிய பிவிசி குழாய்த் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டே இருக்கட்டும். பிறகு குழாய் இருந்த இடத்தில் லென்ஸை வைத்தால் அதற்கு வித்தியாசம் தெரியாது.

கேமராவின் பீப் சத்தத்தை நிறுத்துங்கள். மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது சரி. இறக்கை அடிக்கும் நேரத்தில் அதைப் போட்டால் பல கேமராக்களில் இறக்கை வளைந்து கோணலாக விழும். சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவதால் வரும் கோளாறு இது. பறக்கும்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவது வேண்டாம். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி அது இரை தேடுவதை விட்டு அலையும்.

பறவை படத்தில் ஒரு புள்ளியாக இருக்கிறது

இதற்குக் கணக்கு இருக்கிறது. சாதாரண டிஎஸ்எல்ஆரின் ஏபிஎஸ்-சி சென்சாரில் 300 மி.மீ. லென்ஸ் போட்டால், 3 மீட்டர் தூரத்தில் படத்துக்குள் அடங்கும் அகலம் சுமார் 23 செ.மீ. தேன்சிட்டு ஏறக்குறைய 10 செ.மீ., கொண்டைக்குருவி 20 செ.மீ. அதாவது 3 மீட்டரில் தேன்சிட்டு படத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும், கொண்டைக்குருவி படத்தையே அடைத்துவிடும். அதே தட்டு 6 மீட்டரில் இருந்தால் எல்லாம் பாதியாகிவிடும். ஆக, தட்டை ஜன்னலிலிருந்து 3 முதல் 4 மீட்டரில் தொங்கவிடுங்கள். அதைவிடக் கிட்டே கொண்டுவரும் முன் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தைப் பாருங்கள், லென்ஸிலேயே எழுதியிருக்கும். சில பெரிய லென்ஸ்களுக்கு அது 2 மீட்டருக்கு மேல்.

பெரிய லென்ஸ் இல்லாதவர்கள் கைப்பேசியைத் தட்டுக்கு அரை மீட்டர் பக்கத்தில் ஒரு செங்கல் மேல் நிறுத்திவைத்து, 4கே வீடியோவை ஓடவிட்டு உள்ளே போய்விடுங்கள். 4கே வீடியோவின் ஒவ்வொரு சட்டகமும் ஏறக்குறைய 8 மெகாபிக்சல். வேண்டியதை நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம். தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தால் கைப்பேசியைக் கொத்திப் பார்க்கும். அந்தப் படம் உங்களுக்கு இலவசம்.

படம் கலங்கலாக இருக்கிறது

இதில்தான் அதிகம் பேர் தவறான மருந்தைத் தேடுகிறார்கள். கலங்கலில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. கணினியில் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். பறவையைப் பார்க்கும் முன் தட்டின் விளிம்பையும் கிளையின் பட்டையையும் பாருங்கள்.

பறவை, தட்டு, கிளை எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது உங்கள் கை. 300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/500-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்ல வழி, ஜன்னல் விளிம்பில் மெத்தை. பழைய ஜீன்ஸ் பேண்டின் ஒரு கால் பகுதியை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, இரண்டு கிலோ அரிசி நிரப்பி மறுமுனையையும் தைத்துவிட்டால் லென்ஸ் அதில் பதிந்து அசையாமல் உட்காரும். கடையில் விற்கும் டிரைபாடை விட ஜன்னலுக்கு இதுதான் வசதி. வண்டு வைத்தால் அரிசியை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

தட்டும் கிளையும் பளிச்சென்று இருக்கின்றன, பறவை மட்டும், அதுவும் குறிப்பாகத் தலை மட்டும் கலங்கியிருக்கிறது. இது பறவையின் அசைவு. தட்டில் கொத்தும் குருவி தலையை ஓயாமல் வெட்டி வெட்டித் திருப்பும். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கையாட்டத்தைத்தான் தடுக்கும், பறவையின் அசைவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஷட்டரை 1/1000-க்கு ஏற்றுங்கள். இறக்கை விரிப்பது வேண்டும் என்றால் 1/2000-க்கு மேல். தொடர்ச்சியாகச் சுடும் முறையில் வைத்து, தலை ஒரு கணம் நிற்கும்போது அழுத்துங்கள். கொத்தி நிமிரும் இடத்தில் அந்தக் கணம் கிடைக்கும்.

பறவை கலங்கல், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் வாழை இலையின் நரம்பு பளிச்சென்று தெரிகிறதா? ஃபோகஸ் தவறான இடத்தில் பிடித்திருக்கிறது. எல்லாப் புள்ளிகளையும் கேமராவிடம் விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, கண் மேல் வைத்துப் பிடியுங்கள். புது மிரர்லெஸ் கேமராக்களில் பறவையின் கண்ணைத் தானே தேடும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். ஜன்னல் கம்பியும் கொசுவலையும் குறுக்கே இருந்தால் அதுவும் கம்பியைத்தான் பிடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, கிளையின் நுனியில் கையாலேயே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். பறவை வந்து உட்காரும் இடம் ஏறக்குறைய அதே இடமாகத்தான் இருக்கும்.

கண் பளிச், அலகு நுனியும் வாலும் கலங்கல் என்றால் கோளாறு எதுவும் இல்லை. 300 மி.மீ. லென்ஸ், எஃப்/5.6 அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு; எண் ஏற ஏறத் துளை சிறிதாகும்), 3 மீட்டர் என்ற கணக்கில் பளிச்சென்று விழும் ஆழம் வெறும் 2 செ.மீ.தான். எஃப்/8 வைத்தால் 3 செ.மீ. கிடைக்கும். அதற்குமேல் அப்பர்ச்சரைக் குறுக்குவதைவிட, பறவை உங்களுக்குப் பக்கவாட்டில் உட்காரும்படி கிளையைத் திருப்பி வைப்பது எளிது. ஜன்னலுக்கு இணையாகக் கிடக்கும் கிளையில் உட்கார்ந்தால் தலையிலிருந்து வால்வரை ஒரே தளத்தில் வந்துவிடும்.

கடைசி வகை, எங்கேயுமே பளிச் இல்லை, படம் முழுக்க வெளிறிப்போய் இருக்கிறது. கண்ணாடி வழியாக எடுத்தீர்களா? கண்ணாடிக்குச் சாய்கோணத்தில் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கொசுவலையானால் நகர்த்திவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் லென்ஸின் முன் கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ, கடல் காற்று அடிக்கும் தெருவில் இருப்பவர்களுக்கு அதில் மெல்லிய உப்புப் படலம் இருக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதல் பந்தால் தூசியை ஊதிவிட்டு, லென்ஸ் திரவம் தொட்ட மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் துடையுங்கள். மலிவான யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். நீண்ட லென்ஸில் அந்தக் கண்ணாடி ஒன்றே படத்தை மழுக்கிவிடும். ஏசி அறையில் இருந்த கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தாலும் கண்ணாடியில் ஆவி படியும். பைக்குள்ளேயே வைத்து அரைமணி நேரம் வெளிச் சூட்டுக்குப் பழகவிடுங்கள். ஆவியைத் துடைத்துக்கொண்டே இருப்பது வீண் வேலை.

பறவை கறுப்பாக விழுகிறது

பின்னால் வானமோ வெயில் பட்ட வெள்ளைச் சுவரோ இருந்தால் கேமரா அதற்கு ஏற்ற மாதிரி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், பறவை நிழலாகிவிடும். உடனடி மருந்து, எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) பிளஸ் 1-க்குத் தள்ளுவது. நிரந்தர மருந்து திசையில் இருக்கிறது.

மார்கழியில் நம் ஊர்ச் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. தென்கிழக்கில், ஏறக்குறைய ஆறரை மணிக்கு எழுந்து, நாள் முழுக்கத் தெற்கு வானத்திலேயே நகர்ந்து, தென்மேற்கில் விழும். நடுப்பகலில்கூடத் தெற்கே 55 பாகை உயரத்தில்தான் நிற்கும். எனவே நீங்கள் தெற்கே இருந்துகொண்டு வடக்கே பார்க்கும்படி தட்டைத் தொங்கவிட்டால், காலை முதல் மாலை வரை வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்தோ தோள் பக்கத்திலிருந்தோ வரும். வீட்டின் வடக்குக் கொல்லை இதற்கு வசதி.

ஆனால் அங்கே வீட்டின் நிழல் இருக்கிறது. 4 மீட்டர் உயர வீடு நடுப்பகலில் வடக்கே சுமார் 3 மீட்டருக்கு நிழல் போடும். காலை எட்டு மணிக்கு அது இன்னும் நீளம். தட்டு அந்த நிழலுக்குள் மாட்டினால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) ஏறும். காலையில் நிழல் எங்கே முடிகிறது என்று தரையில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, அதற்கு வெளியே தட்டைக் கட்டுங்கள். இந்தக் கணக்கு குளிர்காலத்துக்கு மட்டும்தான். சித்திரையில் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு வந்துவிடும், அதன்பின் சில மாதம் வடக்கே சாய்ந்து நிற்கும்.

தேன்சிட்டுக்கு இது ரொம்ப முக்கியம். ஊதாத் தேன்சிட்டின் ஆண் வெளிச்சம் எதிரே இருந்தால் வெறும் கறுப்புதான். அந்த ஊதாவும் நீலமும் சாயத்தால் வருபவை அல்ல. சிறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரிபவை. வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அதன் மேல் நேராக விழும்போது, அது தலையைத் திருப்பும் ஒரு கணம் தொண்டை பற்றிக்கொள்ளும், அடுத்த கணம் அணைந்துவிடும். ஒரே பறவையின் அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒன்று கறுப்பாகவும் ஒன்று நீலமாகவும் இருந்தால் கேமராவைச் சந்தேகப்படாதீர்கள்.

இன்னொன்று. மார்கழித் தொடக்கத்தில், மஞ்சள் வயிற்றில் தொண்டையிலிருந்து கீழே ஒரு கருங்கோடு மட்டும் ஓடும் தேன்சிட்டு படத்தில் விழுந்தால் நிறம் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் போட்டுக்கொள்ளும் உடுப்பு அது. மறுபடி ஊதாவுக்கு மாறும்வரை திட்டுத்திட்டாகத் தெரியும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுக்கு இந்த மாற்றம் இல்லை.

காகமும் கரிச்சானும் சாம்பலாகத் தெரிகின்றன, குண்டுகரிச்சானின் வெள்ளை எரிந்துவிடுகிறது

கறுப்புப் பறவை படத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 2/3 அல்லது மைனஸ் 1-இல் வையுங்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்த குண்டுகரிச்சானுக்கு வெள்ளையைக் காப்பாற்றினால் போதும், கறுப்பைப் பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா சுருக்காத மூலக் கோப்பாக, எடுத்திருந்தால் மட்டும்.

படம் நொறுநொறுவென்று இருக்கிறது

ஐஎஸ்ஓ ஏறியிருக்கிறது. பளிச்சென்ற வெயிலில் எஃப்/8, 1/2000, ஐஎஸ்ஓ 400 போதும். மூட்டமான நாளில் மாமர நிழலுக்குள் 1/1000 வேண்டும் என்றால் எஃப்/5.6 திறந்தாலும் 3200 தேவைப்படும். மூட்டத்தைத் திட்டாதீர்கள், நிழல் முகத்தில் விழாமல் இறகெல்லாம் தெளிவாக வருவது அன்றைக்குத்தான். தட்டை மரத்தடியிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள், அவ்வளவுதான். குறைந்த ஐஎஸ்ஓவுக்காக ஷட்டரைக் குறைத்துக் கலங்கலாக்கிக்கொள்வதைவிட நொறுநொறுவென்ற படமே மேல். நொறுவலை மென்பொருள் குறைத்துவிடும், கலங்கலைச் சரிசெய்யாது.

நிறம் பச்சையாக, நீலமாக அடிக்கிறது

வேப்ப நிழலில் பச்சை, தகரக் கூரைக்கு அடியில் அதன் சாயம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பெய்தது போன்ற மழைக்குப்பின் கூரையில் நீலத் தார்ப்பாய் போட்டிருந்தால் எல்லாம் நீலம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து நிழல் குறிக்கு மாற்றிப் பாருங்கள். தீரவில்லையென்றால் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து தட்டை எடுங்கள்.

பறவை நன்றாக இருக்கிறது, பின்னால் துணிக்கொடி

தட்டில் இருக்கும் பறவையை எடுக்காதீர்கள். தட்டில் இறங்கும் முன் அது ஒரு நொடி எங்காவது உட்கார்ந்து நோட்டம் விடும். அந்த இடத்தை நீங்களே கொடுங்கள். பழைய பெயிண்ட் டப்பாவில் மணல் நிரப்பி, பட்டை உரிந்த கொய்யாக் கிளை ஒன்றை நட்டு, தட்டுக்கு ஒன்றரை அடியில், தட்டை விடச் சற்று உயரமாக நிறுத்துங்கள். தேன்சிட்டுக்குக் குச்சி மெலிதாக இருக்கட்டும், மைனாவுக்கு விரல் தடிமன். முருங்கைக் கிளை வேண்டாம், பாரம் தாங்காது. டப்பாவை நகர்த்தி, கிளைக்குப் பின்னால் குறைந்தது மூன்று மீட்டருக்கு எதுவும் இல்லாத திசையைப் பிடித்துவிட்டால் வாழைத்தோப்பும் மதில்சுவரும் ஒரே பச்சைப் பூச்சாகக் கரைந்துவிடும். வீட்டில் கேட்டுக்கொண்டு கொடியை ஒன்பது மணிக்குமேல் கட்டச் சொல்வது உங்கள் சாமர்த்தியம்.

பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது

படம் எடுக்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் கிட்டே போனாலும் பறக்காமல், கண் பாதி மூடி, பந்துபோல் இருந்தால் அதற்கு உடம்பு சரியில்லை. தட்டையும் சட்டியையும் எடுத்துக் கழுவிக் காயவைத்து, இரண்டு வாரம் தீனி வைக்காதீர்கள். ஒரே இடத்தில் கூடி உண்ணும்போது நோய் பரவுவது சுலபம்.

படம் சரி, என்ன பறவை என்று தெரியவில்லை

தேன்சிட்டின் பெட்டையில்தான் இந்தச் சிக்கல் அதிகம். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் பெட்டைக்குத் தொண்டை வெளிர் சாம்பல் கலந்த வெள்ளை, மார்பு மஞ்சள். ஊதாத் தேன்சிட்டின் பெட்டைக்குத் தொண்டையும் வெளிர் மஞ்சள். மேலேயிருந்து எடுத்த படத்தில் இது தெரியாது. கேமராவைப் பறவையின் கண் உயரத்துக்கு இறக்கி, தொண்டை தெரியும்படி ஒரு படமாவது எடுங்கள். பழுப்பு நிறக் குட்டிப் பறவைகளுக்குப் பக்கவாட்டு, வாலடி, கால் நிறம் மூன்றும் வேண்டும். பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியல் போடுபவராக இருந்தால் கலங்கல் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். தொண்டை நிறம் தெரிந்தால் அதையும் பட்டியலோடு இணைக்கலாம்.